மதினியின் காந்தக் குச்சி

எங்கள் குடும்பத்தில் எது தப்பாகப் போனாலும் மதினி காதுக்குப் போனால் போதும், அதற்குக் காரணமான சாமானைக் கண்டுபிடித்துவிடுவார். உப்பு, கயிறு, பெஞ்சு, ஒயர், டயர் என்று ஏதாவது ஒன்று மாட்டும். ஆள் மட்டும் மாட்டவே மாட்டார்கள். என் மூத்த அண்ணன் மனைவியாக அரிமளத்துக்கு வந்ததிலிருந்து போய்ச் சேரும் வரை, அவர் ஒரு மனிதரைக் கைகாட்டிக் குறை சொன்னது ஒரே ஒரு தரம். அந்த மனிதர் நான்.

என் மனைவி கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு விசேஷத்தன்று சாம்பாரில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டாள். பந்தி நிறைய உறவுக்காரர்கள். முதல் வாய் வைத்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். புதுப்பெண் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையைக் கசக்கிக்கொண்டிருக்கிறாள். மதினி நிதானமாக ஒரு உருண்டை சாப்பிட்டுவிட்டு, "இந்தப் புதுப் பாக்கெட்டு உப்பு ரொம்பக் கரிக்கிதுங்க. நானே நேத்து ரசத்துல ஏமாந்துட்டேன்" என்றார். முந்தின நாள் எங்கள் வீட்டில் ரசமே வைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் மனைவிக்கு இந்த வீட்டில் ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஆடு வந்து காயப்போட்ட மிளகாயை மிதித்துப் போட்டால் கயிறு நைந்துபோயிருக்கும். அண்ணன் மகன் கல்லூரியில் முதல் வருடமே கணக்கில் கோட்டை விட்டு வந்தபோது, "அந்தக் காலேஜ்ல பெஞ்சு சரியில்லையாம். சாயவே முடியாதாம். முதுகு வலியோட எங்கிட்டு கணக்கு ஏறும்?" என்று ஊரெல்லாம் சொன்னார். பையனே வெட்கப்பட்டுப்போய் அடுத்த தடவை தேறிவிட்டான். எனக்கோ சில சமயம் எரிச்சலாக வரும். நான் பஸ் டிரைவர். குறுக்கே வருகிறவனைத் திட்டித் தீர்த்தால்தான் எனக்கு அடுத்த கிலோமீட்டர் ஓடும். ரோட்டில் நடக்கிற அத்தனை தப்புக்கும் ஒரு ஆள் இருக்கிறான், அவனுக்கு ஒரு அப்பன் இருக்கிறான் என்பது என் கட்சி. "மதினி, நீங்க நீதிபதியா உக்காந்தா ஜெயிலுக்குள்ள கடப்பாறையும் கள்ளச்சாவியும்தான் இருக்கும்" என்று கேலி செய்வேன். "இருக்கட்டுமே கொழுந்தனாரே, அதுகளுக்குச் சோறு போட வேணாம்ல" என்பார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் யாரும் அவரைக் கேலி செய்ததில்லை. அண்ணன் வளைகுடாவில் இருந்தார். பணம் ஒழுங்காக வரும், பெட்டி வரும், ஆள் வருவது குறைந்துகொண்டே போனது. போனும் அப்படித்தான். முதலில் தினம் பேசினார், பிறகு வெள்ளிக்கிழமைகளில், பிறகு அதுவும் எப்போதாவது. யாராவது விசாரித்தால் மதினி உடனே, "அங்கிட்டு நெட்டு நிக்கிறதில்லைங்க. பேச ஆரம்பிச்சாலே கட்டாயிருது" என்பார். அண்ணனின் முகநூலில் தினமும் ஒரு படம் வரும். அது மதினி போனிலும் வரும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்படி அண்ணன் அனுப்பிய பெட்டி ஒன்றில்தான் அந்தக் குச்சி வந்தது. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற விளையாட்டுக்கு உண்டான கைப்பிடி. ஜாய்ஸ்டிக் என்று பெட்டியில் போட்டிருந்தது. மகனுக்கென்று அனுப்பியது, அவன் இரண்டு நாள் ஆட்டிப் பார்த்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். மேசையில் சும்மா கிடப்பானேன் என்று மதினி பிடித்துப் பார்த்திருக்கிறார். பிடித்தவர் விடவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "திருச்சிக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லி கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். திருச்சி விமான நிலையத்திலிருந்து கிளம்பி, விராலிமலைப் பக்கம் ஒரு வளைவு, அப்புறம் புதுக்கோட்டை, திருமயம் வரை வந்து திரும்பிப் போய் இறங்குவார். மேலே இருந்து பார்த்தால் கண்மாய்கள்தான் அடையாளம். திருமயம் கோட்டை ஒரு மொட்டைக் கல்லாகத் தெரியும். எங்கள் ஊர் வெறும் பழுப்பும் பச்சையுமாக இருக்கும். வீடு எதுவும் காட்டாது. "இந்தா, இங்கதான் நம்ம வீடு" என்று ஏதாவது ஒரு பச்சையைத் தொட்டுக் காட்டுவார். இறங்கும்போது மட்டும் விமானம் தவறாமல் ஒரு குதி குதிக்கும். "ஓடுபாதைய மேடு பள்ளமா போட்டு வச்சிருக்கு" என்பார். வானத்தில் இப்படிச் சுற்றுகிறவருக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. அரிமளத்திலிருந்து திருமயம் போவதற்குள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்து முகர்ந்து பழமே வாடிவிடும். அதற்கும் என் டிரைவிங் காரணம் கிடையாது, டீசல் வாடை.

எனக்கு வாராந்திர ஓய்வு வரும் நாளில், பக்கத்திலேயே இருக்கிற அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்டதும், "டிரைவர்தானே நீங்க, ஓட்டுங்க பாப்போம்" என்று குச்சியை என்னிடம் கொடுப்பார். ஐம்பது பேரை வைத்துக்கொண்டு ஓட்டுகிற எனக்கு அந்த விமானம் மசியவே இல்லை. மதினி அருகில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருப்பார். அந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரிக்கிற நேரம் அதுதான் என்பதால் நானும் வேண்டுமென்றே இரண்டு தடவை விழுவேன்.

அந்தக் குச்சிக்கு ஆயுத பூஜையில் வந்தது கேடு. மதினி வீட்டு மிக்ஸி, தையல் மிஷின், ஸ்கூட்டி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்த என் மனைவி, விமானம் ஓட்டுகிற சாமானாச்சே என்று அதற்கு மட்டும் தாராளமாக வைத்துவிட்டாள். சந்தனம் வழிந்து அடிப்பக்கத்துக்குள் இறங்கி, உள்ளே காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு விமானம் நேராகப் பறக்கவில்லை. சும்மா விட்டாலும் இடப்பக்கமாகச் சாயும், கிடுகிடுவென்று நடுங்கும். "இந்த வருசச் சந்தனம் ரொம்பத் தண்ணி" என்று மதினி தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நடுக்கம் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை. சில மாதங்களாக என் வலது கையும் இடது கையும் எனக்குச் சரியாகப் படவில்லை. சட்டைப் பொத்தான் சட்டென்று மாட்டாது. வேர்த்துக் கொட்டும். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். வெயில், அலைச்சல், வயசு என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் எல்லாம் மறந்துவிடும். எங்கள் முதலாளியின் வண்டி பழையது. எஞ்சின் ஓடினால் கண்ணாடி ஆடும், தகரம் ஆடும், கியர் கம்பி கிடந்து துள்ளும். அதன் மேல் வைத்த கை ஆடாமல் என்ன செய்யும்? ஆடுவது கம்பியா கையா என்று அந்த வண்டியில் பிரம்மாவாலும் சொல்ல முடியாது. மதினியின் குச்சியும் இப்போது அப்படியே ஆனதால், அங்கேயும் என் கைக்கு ஒளிய ஓர் இடம் கிடைத்தது.

மதினிக்கு எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் காப்பி டபரா இல்லாமல் வந்தது. "டபராவக் காணோம் தம்பி, எங்கிட்டு வச்சேன்னு தெரியல" என்றார். அதன் பிறகு எனக்கு எப்போதும் பெரிய டம்ளரில் பாதிக் காப்பிதான். டம்ளர் டபராவில் மோதிக் கடகடவென்று சத்தம் போட்டதை நான் மட்டும்தான் கேட்டேன் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் திருமயம் கடைத்தெரு வளைவில் அந்த மோதல் நடந்தது. பள்ளிக்கூட நேரம், வண்டி நிறையப் பிள்ளைகள். வளைத்துத் திருப்பும்போது ஸ்டியரிங் கையை விட்டு நழுவினாற்போல இருந்தது. இடப்பக்கக் கண்ணாடி மின்கம்பத்தில் அடித்து நொறுங்கி, சில்லுகள் படிக்கட்டில் கொட்டின. படியில் நின்ற பெண்பிள்ளை ஒன்றின் காதோரம் லேசாகக் கீறி ரத்தம் வந்தது. அது பயந்து அழக்கூட இல்லை, என்னையே பார்த்தது. முதலாளி போனில் கத்தினார். நான் எதிரே வந்த லோடு வண்டிக்காரனைப் பார்த்துக் கத்தினேன். சாயங்காலம் கேள்விப்பட்ட மதினி, "அந்தப் போஸ்ட்டு ரோட்டுக்குள்ளதானே நிக்கிது" என்றார். எப்போதும் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த ஓய்வு நாளில் போனபோது குச்சியை அக்கக்காகக் கழற்றி ஒரு தாம்பாளத்தில் வைத்திருந்தார். போனில் ஏதோ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. "உள்ள ஒண்ணோட ஒண்ணு ஒரசுற சாமான் இருக்கு தம்பி. குச்சிய ஆட்டுனா அது ஒரசி ஒரசித்தான் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லுது. தேய்ஞ்சாலும் தூசி விழுந்தாலும் தப்புத் தப்பாச் சொல்லும். இப்ப காந்தம் வைக்கப் போறேன். குச்சியில காந்தம், எதுத்தாப்புல இந்தச் சென்சாரு. ஒண்ண ஒண்ணு தொடவே தொடாது. தள்ளி நின்னே கண்டுக்கிரும்." மூன்று கால் முளைத்த கறுப்பு மிளகு போல ஒன்றை விரல் நுனியில் வைத்துக் காட்டினார். ஆன்லைனில் வரவழைத்ததாம். மகன் கல்லூரி புராஜெக்டுக்கு ஒயர் ஒட்டப் பயன்படுத்திய சால்டரிங் கம்பி பக்கத்தில் சூடாகிக்கொண்டிருந்தது.

காந்தம் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பீரோ மேலிருந்து ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை இறக்கினார். எங்கள் பக்கத்தில் இப்போது கொஞ்சம் வசதி வந்தால் பத்திரிகையைப் பெட்டி போலத்தான் அடிக்கிறார்கள். மூடினால் டப்பென்று ஒட்டிக்கொள்ளும். அந்த மூடிக்குள் பொட்டு அளவில் காந்தம் இருக்கிறது. மதினி பிளேடால் ஓரத்தைக் கீறிக் காந்தத்தை எடுத்துவிட்டு, பத்திரிகை கிழிந்த மாதிரி இருக்கக் கூடாது என்று பசை தடவி மறுபடி ஒட்டியிருந்தார். "பிள்ளை குட்டியோட நல்லா இருக்கிறவங்க பத்திரிகையாப் பாத்துத்தான் எடுத்தேன்" என்றார். ஒரு பெட்டியை மட்டும் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்தார். அந்த ஜோடி ஆறு மாதத்தில் பிரிந்துவிட்டது. நான் அதைப் பார்த்ததும், "முகூர்த்த நேரத்துல கரண்டு போயிருச்சு பாவம்" என்றார்.

மாட்டி முடிக்க அவருக்குப் பல நாள் ஆனது. ஒரு தடவை காந்தத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டார். இடது பக்கம் தள்ளினால் விமானம் வலது பக்கம் போனது. "காந்தத்துக்குத் தெரியுமா எது சோத்துக் கையின்னு" என்று பிரித்து ஒட்டினார். இன்னொரு நாள் நன்றாகப் பறந்துகொண்டிருந்தபோது நான் போய் என் போனைப் பக்கத்தில் வைத்தேன். நமணசமுத்திரத்துக்கு மேலே விமானம் தலைகுப்புற விழுந்தது. என் போன் உறையின் மூடியில் ஒரு காந்தம் இருந்திருக்கிறது. மதினி போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படிச் சிரித்தார். இவ்வளவு தெளிவாக ஒரு சாமான் மாட்டியதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் சோறு போடுவதற்கு முன்பே கூப்பிட்டு உட்கார வைத்தார். திரையில் விமானம் இல்லை. ஒரு வெள்ளைக் கட்டம், அதற்குள் ஒரு கூட்டல் குறி. குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கூட்டல் குறி நகரும். கையை எடுத்தால் நட்டநடுவில் ஆணி அடித்தாற்போல நின்றது. மதினி பிடித்தார், அப்போதும் நின்றது.

"இப்ப நீங்க புடிங்க தம்பி. ஆட்ட வேணாம். சும்மா புடிச்சுக்கிட்டு இருங்க."

பிடித்தேன். கூட்டல் குறி சிலுசிலுவென்று நடுங்கியது.

"ஃபேன் காத்து மதினி" என்றேன். எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். நடுங்கியது. மேசைக் கால் சரியில்லை என்றேன். ஒரு பத்திரிகை அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் சொருகி, மேசையை அழுத்திப் பார்த்தார், ஆடவில்லை. கூட்டல் குறி ஆடியது. "இந்தப் போனு" என்று நானே எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு போய் அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். ஒயர் என்றேன், பிடுங்கி வேறு துளையில் சொருகினார். ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகக் குற்றத்திலிருந்து விடுவித்துக்கொண்டே வந்தார். வாழ்நாளெல்லாம் சாமான்களை மாட்டிவிட்டவர் அன்றைக்கு அவற்றுக்கு வக்கீலாக நின்றார். கடைசியில் அவரே ஒரு தரம் பிடித்துக் காட்டினார். நின்றது. என்னிடம் கொடுத்தார். நடுங்கியது.

"வேற எதுவும் மிச்சமில்ல தம்பி. கைதான்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "நெதமும் அத்தன பேர ஏத்திக்கிட்டுப் போறேன். கை ஆடுனா எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன்.

"பஸ்ஸே ஆடுதே தம்பி. எப்படித் தெரியும்?"

சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். வாசல் வரை வந்து கூப்பிட்டார், திரும்பவில்லை. கோபம் என்று சொல்கிறேனே தவிர அது பயம். ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்துச் சம்பாதிக்கத் தெரியாத கை இது. கை போனால் நான் யார்? நடுக்கு வாதம் வந்து, வாயில் சோறு கொண்டுபோக முடியாமல் கிடந்த ஒருவரைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வழியெல்லாம் அவர் முகம்தான் வந்தது. அதைவிட, மற்ற எல்லோருக்கும் ஒரு உப்பையோ ஒரு கயிற்றையோ தேடிக் கொடுத்த மதினிக்கு எனக்கென்று ஒன்று அகப்படவில்லையே என்று இருந்தது.

மறுநாள் காலை முதல் நடை. அரிமளம் நிறுத்தத்தில் நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஒரு துணிப்பை, ஒரு எலுமிச்சம்பழத்துடன் மதினி நின்றுகொண்டிருந்தார். ஏறி, எஞ்சின் பெட்டிக்கு அங்கிட்டு, என் கியர் கம்பி தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். கண்டக்டரிடம் புதுக்கோட்டைக்குச் சீட்டு வாங்கினார்.

திருமயத்தில் பிள்ளைகள் ஏறினார்கள். வழக்கம்போலப் பைகளை எல்லாம் எஞ்சின் பெட்டி மேல் குவித்தார்கள். மதினி ஒரு கையால் பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, மறு கையால் பைகள் சரியாமல் அணைத்துக்கொண்டார். அந்தப் பைகளுக்கு நடுவேதான் என் கை கியருக்குப் போய் வந்துகொண்டிருந்தது. காதோரம் கீறிய பெண்பிள்ளையும் ஏறியிருந்தது, பிளாஸ்திரி போட்டிருந்தார்கள். நான் அவ்வளவு மெதுவாக அந்த ரோட்டில் ஓட்டியதே இல்லை. நமணசமுத்திரம் தாண்டிக் கியர் மாற்றும்போது தவறிப் பற்சக்கரம் கறகறவென்று கத்தியது. வண்டியில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மதினி இப்போது கியர் பாக்ஸைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், வாயே திறக்கவில்லை.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கினார்கள். பிள்ளைகள் பைகளை உருவிக்கொண்டு ஓடினார்கள். மதினி மட்டும் உட்கார்ந்திருந்தார். குமட்டலில் முகம் வெளுத்து நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"எஞ்சின ஆஃப் பண்ணுங்க தம்பி. கைய மட்டும் எடுக்காதீங்க."

அணைத்தேன். தகரச் சத்தம் நின்றது. கண்ணாடி நின்றது. துள்ளிக்கொண்டிருந்த கியர் கம்பி அடங்கியது. அடங்கிய கம்பி மறுபடி மெல்ல ஆட ஆரம்பித்தது. என் கைதான் அதை ஆட்டிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"ஒங்க அண்ணனுக்கு அங்கிட்டு நெட்டு நல்லாத்தான் கெடைக்கும் தம்பி" என்றார் மதினி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எனக்குத் தெரியாதா? வீட்டுக்குள்ள அப்படிச் சொல்லிக்கிட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. எனக்கும் பொழுது போயிரும். பஸ்ஸுக்குள்ள அப்படிச் சொல்ல முடியாதுல்ல? பிள்ளைக ஏறுது."

நான் அழுதேன். பஸ் ஸ்டாண்டு நடுவே, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, காக்கிச் சட்டையோடு அழுதேன். அப்புறம் சாவியை உருவிக் கண்டக்டரிடம் கொடுத்து, முதலாளிக்குப் போன் போட்டு வேறு டிரைவர் அனுப்பச் சொன்னேன். "ஏண்ணே, வண்டியில கம்ப்ளைன்ட்டா?" என்றார் அவர். மதினி என்னைப் பார்த்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான்பா ஒடம்பு சரியில்ல" என்றேன்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கையை நீட்டச் சொல்லி விரல்களின் மேல் ஒரு தாளை வைத்துப் பார்த்தார் டாக்டரம்மா. நாடி பார்த்தார், கழுத்தைத் தடவினார், எடை குறைந்ததைக் கேட்டார், ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் கூப்பிட்டு, "பயப்படாதீங்க, நீங்க கேட்ட நடுக்கு வாதம் இல்ல. கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அது அளவுக்கு மீறி வேல பாக்குது. அதுதான் நடுக்கம், படபடப்பு, ஒடம்பு எளைக்கிறது எல்லாம். மாத்திரையில அடங்கும். அடங்குற வரைக்கும் வண்டியத் தொடாதீங்க" என்றார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் மதினி நின்றுவிட்டார். காலையிலிருந்து வெளுத்துக் கிடந்த முகத்தில் பழைய மதினி வந்துவிட்டார்.

"பாத்தீங்களா! நான் சொன்னேன்ல!" அவர் அப்படி எதுவும் சொல்லவே இல்லை. "ஒங்க மேல தப்பே இல்ல தம்பி. உள்ளுக்குள்ள ஒரு சின்னச் சாமான். அது பாட்டுக்கு ஆக்ஸிலேட்டர அமுக்கிக்கிட்டுக் கெடந்திருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க?"

நான் பஸ் ஸ்டாண்டில் பஸ்களுக்கு நேரம் குறிக்கிற வேலையில் சில மாதம் உட்கார்ந்தேன். ஓய்வு நாளெல்லாம் மதினி வீட்டில் அந்தக் கூட்டல் குறியைப் பிடித்துக்கொண்டிருப்பேன். வாரத்துக்கு வாரம் அதன் சிலிர்ப்பு குறைந்துகொண்டே வந்து ஒரு மத்தியானம் நின்றது. மதினி எழுந்து போய் அடுப்படியிலிருந்து காப்பி கொண்டுவந்தார். டபராவோடு வந்தது. "கெடைச்சிருச்சு தம்பி, அரிசிப் பானைக்குப் பின்னால கெடந்திச்சு" என்றார்.

நான் மறுபடி வண்டி எடுத்த பிறகும் அவர் என் பஸ்ஸில் அதிகம் வந்ததில்லை, டீசல் வாடைதான். குச்சியை எனக்காகத்தான் பிரித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சந்தனத்தைச் சொல்லியிருப்பார்.

ஒரு மார்கழியில் மதினி திடீரென்று போய்விட்டார். அண்ணன் அப்போதுதான் வந்தார். துக்க வீட்டில் ஆளுக்கு ஆள் பழி சொன்னார்கள். அண்ணன் வரவில்லை என்றார்கள், மகன் கவனிக்கவில்லை என்றார்கள், பக்கத்தில் இருந்த எங்களையும் சொன்னார்கள். அண்ணன் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அன்று அவரை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். மதினி படுத்திருக்கிற பக்கம் பார்த்தேன். "யார் மேலயும் தப்பு இல்லங்க. இதயத்துல ஒரு வால்வு சரியில்ல, டாக்டரே சொல்லிட்டாரு" என்றேன். டாக்டர் சொன்னது உண்மைதான். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

குச்சி இப்போது என் வீட்டு மேசையில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு என் மனைவி அதற்குச் சந்தனம் வைக்கிறாள், கெட்டியாகக் குழைத்து.

தினமும் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, ஆட்கள் இறங்கியதும் எஞ்சினை அணைப்பேன். கியர் கம்பி அடங்குகிற வரை பொறுத்து, அதன் மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னண்ணே, சாமி கும்புடுறீங்களா?" என்று கண்டக்டர் கேட்பார். ஆமாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்னைக்கும் ஆடல மதினி.